நகரங்களின் மருத்துவர் பேட்ரிக் கெடிஸ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

சிலை வடிப்பவரைக் கலைஞர் என்கிறோம். ஓவியம் தீட்டுபவரைக் கலைஞர் என்கிறோம். கழிவுநீர் தேங்கிய குளத்தைத் தெளிய வைப்பவரைக் கலைஞர் என்று அழைக்க நாம் இன்னும் பழகவில்லை. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் உலகின் சில நகரங்களில் இதுவும் ஒரு கலையாக வளர்ந்து வந்திருக்கிறது. அமெரிக்க நாட்டு டல்லாஸ் நகரில், புல்வெளிக்கு இட்ட உரம் மழைநீரோடு வந்து சேர்ந்து பாசி மண்டிப் போயிருந்த ஒரு குளத்தைப் பேட்ரிசியா ஜோஹான்சன் என்னும் சிற்பி 1981 முதல் 1986 வரை சீர்படுத்தினார். அந்த மண்ணுக்கு உரிய நீர்த்தாவரங்களைக் கரையோரம் வளர்த்தார். வேர்கள் பின்னிக் கிடப்பது போன்ற நடைபாதைகளை நீரின்மேல் சிற்பமாக அமைத்தார். சீனாவின் செங்டு நகரில் 1998ஆம் ஆண்டு பெட்ஸி டேமன் என்னும் கலைஞர் மீன் வடிவில் ஒரு பூங்காவை உருவாக்கினார். ஆற்றின் அழுக்கு நீர் படிவுக் குளத்திலும் நாணல் பாத்திகளிலும் மெல்ல ஊர்ந்து தெளிவதை மக்கள் கண்ணால் காணும்படி செய்தார்.

இவ்விருவரும் பிறப்பதற்கு முன்பே, குப்பையும் அழுக்கு நீரும்கூடக் கலைக்கு உரிய பொருளே என்று செய்து காட்டிய ஒருவர் இருந்தார். அவர் ஒரு தாவரவியல் பேராசிரியர். நம் நாட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றியவர். தஞ்சையையும் மதுரையையும் காஞ்சியையும் கண்டு எழுதியவர். அவரே சர் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் மாணவனாகிய எனக்கு, அதிலும் தோல் பதனிடும் ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, அவருடைய வாழ்க்கையில் கற்க வேண்டியவை மிகப் பல. அவற்றைக் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் ஒரு படைவீரர். குடும்பம் பெர்த் நகரில் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம், அதற்கப்பால் குன்றுகள். தந்தையாரோடு தோட்ட வேலை செய்ததும் குன்றுகளில் ஏறித் திரிந்ததுமே தம் முதற் கல்வி என்று கெடிஸ் பிற்காலத்தில் கருதினார். குன்றின் மேல் நின்றால் ஊரும் ஆறும் வயலும் ஒருங்கே தெரியும். ஊரைத் தனியாகவும் ஆற்றைத் தனியாகவும் பார்க்காத பார்வை அவருக்கு அங்கே வாய்த்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டாரின் விருப்பத்திற்காகச் சில காலம் வங்கியில் வேலை பார்த்தார். மனம் அதில் ஒட்டவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் வெளியேறினார். உலர்ந்த செடிகளை அடுக்கிப் பெயர் சொல்லும் பாடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் இலண்டன் சென்று, டார்வின் கொள்கையை நாடெங்கும் பரப்பிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார்.

பட்டம் பெறாத பேராசிரியர்

பிரான்சு நாட்டுக் கடற்கரையில் உள்ள ரோஸ்காஃப் ஆய்வு நிலையத்தில் கெடிஸ் ஒரு பச்சை நிறப் புழுவை ஆராய்ந்தார். வெயிலில் அந்தப் புழு, செடிகளைப் போலவே உயிர்வளியை வெளியிடுவதைக் கண்டறிந்தார். விலங்கின் உடலில் பாசி குடியிருந்து, இரண்டும் ஒன்றையொன்று வாழ வைக்கின்ற கூட்டுவாழ்வு அது. உயிர்கள் போட்டியிட்டு மட்டுமல்ல, கூடியும் வாழ்கின்றன என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை ஆயிற்று.

1879ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டிற்கு ஆய்வுப் பயணம் சென்ற இடத்தில் கெடிசுக்குப் பேரிடி காத்திருந்தது. கண் பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். நுண்ணோக்கியையே நம்பி வாழ்ந்த இருபத்தைந்து வயது இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. சன்னல் சட்டங்களை விரலால் தடவி, அந்தக் கட்டங்களுக்குள் தம் எண்ணங்களை ஒழுங்குபடுத்தினார். பார்வை திரும்பியது. ஆனால் நீண்ட நேரம் நுண்ணோக்கியில் பார்க்கும் வலிமை கண்ணுக்கு இல்லாது போயிற்று. செல்லைப் பார்த்தவர் அதன் பிறகு ஊரைப் பார்க்கத் தொடங்கினார்.

1888ஆம் ஆண்டு டண்டீ நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக அமர்ந்தார். 1919 வரை அப்பதவியில் இருந்தார். ஆண்டில் ஒரு பருவம் மட்டுமே பாடம். மற்ற மாதங்கள் ஊர்ப்பணிக்கு. வியப்பு என்னவென்றால், இந்தப் பேராசிரியர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்குவது எங்கள் வீட்டில் பெரிய கனவு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பட்டம் கையில் வந்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியை இவர் வாழ்க்கை என்னிடம் எழுப்பியது.

சேரியில் குடியேறிய தம்பதியர்

1886ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்னும் பெண்மணியைக் கெடிஸ் மணந்தார். புதுமணத் தம்பதியர் நல்ல தெருவில் வீடு பார்க்கவில்லை. எடின்பரோவின் பழைய நகரில், இடிந்தும் நாறியும் கிடந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் அடுக்குக் குடியிருப்பில் ஏழைகளுக்கு நடுவே குடியேறினர். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர், முற்றத்தைப் பெருக்கினர், சன்னல்களில் பூச்செடி வைத்தனர். பிற்காலத்தில் பழைய நகரில் பயனின்றிக் கிடந்த ஏறத்தாழ 75 காலி இடங்களை அளந்து கணக்கெடுத்து, அவற்றுள் சிலவற்றைத் தோட்டமாக்கினர். கெடிஸ் ஓவியர்களையும் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். கலை என்பது கண்காட்சிக் கூடத்தில் மாட்டி வைப்பதற்கு மட்டும் அன்று, தெருவில் வாழ வேண்டியது என்பது அவர் கருத்து.

1892ஆம் ஆண்டு எடின்பரோவில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி ‘அவுட்லுக் டவர்’ என்னும் காட்சிக் கோபுரம் ஆக்கினார். உச்சியில் நின்றால் நகரம் முழுவதும் தெரியும். மாடிக்கு ஒன்றாக நகரம், நாடு, உலகம் பற்றிய காட்சிகள். தம் ஊரை முழுமையாகப் பார்த்தவன்தான் அதைத் திருத்த முடியும் என்று மக்களுக்கு உணர்த்தினார்.

1903ஆம் ஆண்டு டன்ஃபர்ம்லின் நகரப் பூங்காவிற்குத் திட்டம் தீட்டித் தரும்படி அவரிடம் கேட்டனர். அவர் தந்ததோ ஒரு பெரிய நூல். பூங்காவின் ஊடே ஓடிய ஓடை ஊர்க் கழிவால் கறுத்துக் கிடந்தது. ஓடையைத் தூய்மை செய்யாமல் பூங்காவை அழகு செய்வது வீண் என்று அவர் எழுதினார். திட்டம் ஏற்கப்படவில்லை. நூல் மட்டும் நிலைத்தது.

இடம், தொழில், மக்கள்

கெடிசின் கொள்கையைச் சுருங்கச் சொன்னால் மூன்று சொற்கள்: இடம், தொழில், மக்கள். இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துச் சீர்திருத்த முடியாது. இதை விளக்க அவர் ஒரு படம் வரைந்தார். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மேலே சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுபவரும் வேட்டுவரும், நடுவே ஆயரும் உழவரும், கீழே மீனவர். நிலத்தையும் தொழிலையும் மக்களையும் இணைத்துக் குறிஞ்சி முதல் நெய்தல்வரை வகுத்த தமிழருக்கு இப்படம் அந்நியமானதன்று.

இரண்டாவது கொள்கை, நோயறிந்து மருந்து தருவது. நம் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறியைக் கெடிஸ் நகரத்திற்கு வகுத்தார். முதலில் ஊர் முழுவதையும் காலால் நடந்து ஆராய வேண்டும். பிறகு, கெட்டுப்போன சிறு பகுதியை மட்டும் அகற்றி மற்றதைக் காக்க வேண்டும்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

கெடிஸ் பல ஆண்டுகள் உழைத்து, உலக நகரங்களின் படங்களும் வரைபடங்களும் அடங்கிய ஒரு கண்காட்சியைத் தொகுத்திருந்தார். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914ஆம் ஆண்டு இந்தியா வந்தார். கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. அப்போது முதல் உலகப் போர் மூண்டிருந்தது. செப்டம்பர் 22ஆம் நாள் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மானிய எம்டன் கப்பலை நம் பாட்டன்மார் மறந்ததில்லை. அதே எம்டன் அக்டோபர் மாதம் கெடிசின் பொருள்களைச் சுமந்து வந்த கிளான் கிராண்ட் கப்பலைக் கடலில் மூழ்கடித்தது. அவருடைய வாழ்நாள் சேமிப்பு கடலடியில் போய்ச் சேர்ந்தது.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். கெடிசோ நண்பர்களுக்கு எழுதிப் புதிய பொருள்களைத் திரட்டினார். 1915ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது!

தமிழகத்தில் கெடிஸ்

அவர் கண்காட்சியோடு நின்றுவிடவில்லை. மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் குறுகிய சந்துகளை இடித்து நேர்நேரான அகலச் சாலைகள் போட அப்போது திட்டம் இருந்தது. கெடிஸ் ஒவ்வொரு சந்திலும் நடந்தார். இங்கே ஓர் இடிந்த வீட்டை அகற்றினால் போதும். அங்கே ஒரு மரம் நட்டால் போதும். சிறு சிறு வெளிகள் கிடைத்துவிடும் என்று வரைந்து காட்டினார். செலவு மிகக் குறைவு. வீடிழப்போர் மிகச் சிலர். மதுரைக்கும் இதுபோன்ற யோசனையே தந்தார். காஞ்சிபுரத்தின் அகன்ற தேர்வீதிகளையும் கோயிலும் குளமும் தோப்பும் வீடும் இசைந்திருந்த அமைப்பையும் கண்டு, மேலைநாட்டார் இங்கு வந்து கற்க வேண்டும் என்ற கருத்துப்பட எழுதினார்.

நீரைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகள் இன்று படிக்கும்போதும் புதியவை. மலேரியாவுக்கு அஞ்சிய சுகாதார அதிகாரிகள் ஊர்க் குளங்களைத் தூர்க்கச் சொன்ன காலம் அது. கெடிஸ் எதிர்த்தார். கொசுவின் புழுவைத் தின்ன மீனும் வாத்தும் இருக்கையில் குளத்தைக் கொல்வானேன் என்று கேட்டார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது. பம்பாய் மாகாணத்துத் தானா நகர அறிக்கையில், குழாய் நீர் வந்துவிட்டதென்று பழைய கிணறுகளை மூடுவது, முன்னோர் கட்டி வைத்த ஆயுள் காப்பீட்டைத் தூக்கி எறிவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். பின்னாளில் சென்னைக் குடிநீர்ப் பஞ்சத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இந்தூர் கண்ட தீபாவளி

கெடிசின் இந்திய வாழ்வில் சிறந்த அத்தியாயம் இந்தூர். 1917, 1918ஆம் ஆண்டுகளில் அந்தச் சமஸ்தானத் தலைநகருக்குத் திட்டம் தீட்டும் பணி அவருக்கு வந்தது. ஊரில் கொள்ளைநோயும் மலேரியாவும். தெருவில் வெள்ளைக்காரர் ஒருவர் வரைபடத்தோடு நடமாடினால் வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினர், வசைபாடினர். சட்டம் போட்டு இவர்களை மாற்ற முடியாது என்று கெடிஸ் உணர்ந்தார். ஒரு நாள் மட்டும் தம்மை மகாராஜாவாக இருக்க விடும்படி அரசரிடம் கேட்டுப் பெற்றார்.

தீபாவளி ஊர்வலம் இவ்வாண்டு வழக்கமான பாதையில் போகாது. எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையாக இருக்கின்றனவோ அவற்றின் வழியே போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! தெருவுக்குத் தெரு போட்டி. வீடுகளுக்கு வெள்ளையடித்தனர், இடிந்ததைப் பழுதுபார்த்தனர், முற்றங்களில் கிடந்த குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது.

ஊர்வலத்தில் யானையின் மீது திருமகள் வந்தாள். பின்னால் அழுக்கு அரக்கனின் பேருருவம். இடிந்த வீடுகளின் உருவங்கள். பெரிய கொசு. கொள்ளைநோயைப் பரப்பும் பூதாகார எலி. சோக இசை. சற்று இடைவெளி. பிறகு இசை மாறியது. வந்தவர்கள் யார் தெரியுமா? நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள். ஆணும் பெண்ணுமாக, வெள்ளை வெளேரென்ற உடையில், புதிய தலைப்பாகையும் மாலையும் அணிந்து, புதிய துடைப்பத்தோடு வந்தனர். ஊரார் தொடவும் அஞ்சி ஒதுக்கி வைத்தவர்கள் அன்று ஊர்வலத்தின் நாயகர்கள்! அவர்களுக்குப் பின்னே புதிய நகரத்தின் மாதிரிகள் வந்தன. வீட்டில் வைத்து வளர்க்கத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. இறுதியில் அழுக்கு அரக்கனையும் எலியையும் கொளுத்தினர். வாணவேடிக்கை வானை நிறைத்தது.

அதன்பின் கெடிஸ் தெருவில் சென்றால் மக்கள் வரவேற்றனர். நகரைத் தூய்மைப்படுத்துவது தம் சொந்த வேலை என்ற எண்ணம் பரவியது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு, விழாவின் ஆற்றல் என்ன என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆற்றலை ஊரின் நீருக்கும் தெருவுக்கும் திருப்பிவிட்டதுதான் கெடிசின் கலை.

அவருடைய இந்தூர் அறிக்கையில் ஆறுகளைத் தூய்மையாக்கிக் கரையோரம் பூங்காக்கள் அமைக்கும் திட்டமும் இருந்தது. கழிவை எல்லாம் குழாயில் திரட்டி ஆற்றில் தள்ளும் பெருஞ்செலவுத் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. கழிவு மண்ணுக்குப் போக வேண்டும். மண்ணில் தோட்டமாக வேண்டும் என்றார்.

துயரும் இறுதியும்

1917 ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். இந்தியாவில் மனைவி அன்னா குடல் நோயால் படுத்த படுக்கை. மகன் இறந்த செய்தியை மனைவிக்குச் சொல்லும் துணிவு கெடிசுக்கு வரவில்லை. மகன் எழுதிய பழைய கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். ஜூன் மாதம், உண்மை அறியாமலே அன்னா கண்மூடினார். இந்தத் துயரைச் சுமந்துகொண்டுதான் அவர் இந்தூருக்கு விழா எடுத்தார்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1920ஆம் ஆண்டு ஜகதீஷ் சந்திர போசின் வரலாற்றை நூலாக எழுதினார். தாகூரின் நண்பரானார். அதே 1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டமும் வந்தது. இறுதிக் காலத்தில் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரில் ஒரு கல்லூரி அமைத்தார். 1932ஆம் ஆண்டு ‘சர்’ பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவருடைய திட்டங்களில் பெரும்பாலானவை தாளோடு நின்றுவிட்டன. அரசரும் ஆளுநரும் அழைத்தால் வந்து, அவர்கள் மனம் மாறினால் போக வேண்டிய நிலையில் இருந்தவர் அவர்.

பாலாற்றங்கரையில் கெடிஸ் நின்றால்

நந்தி மலையில் தோன்றும் பாலாறு நம் ஊர்களைக் கடந்து, கெடிஸ் வியந்த காஞ்சியின் பக்கம் சென்று கடலை அடைகிறது. இக்கரையில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டனர். பிறகு குரோம் உப்பு வந்தது; தொழில் பெருகியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவை. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி அத்தீர்ப்பால் நாடெங்கும் நிலைபெற்றது. 2025 சனவரியிலும் பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

என் தந்தை ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர். தாய் ஷூ கம்பெனிக்குப் போகிறார். எங்கள் தெருக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. குடிக்கக் கேன் தண்ணீர். டேனரிகளை எல்லாம் மூடு என்பவர் பேச்சைக் கேட்டால் எங்கள் வீட்டு அடுப்பு நினைவுக்கு வருகிறது. தொழில் வேண்டும், நீரைப் பற்றிப் பேசாதே என்பவர் பேச்சைக் கேட்டால் அந்தக் கிணறு நினைவுக்கு வருகிறது. இடத்தையும் தொழிலையும் மக்களையும் பிரிக்காதே என்ற கெடிசின் சொல் எனக்குப் பாடப்புத்தகக் கொள்கையாகப் படவில்லை. எங்கள் தெருவின் கதையாகவே பட்டது.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சம்பும் கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பில் நீர் மெல்ல நகரும்போது வண்டல் படிகிறது. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் கழிவை உண்கின்றன. தெருவில் ஓடும் மழைநீருக்கும் ஊர்க் கழிவுநீருக்கும் இது நல்ல மருந்து. ஆனால் உப்பைக் கோரை உண்ணாது. குரோமியம் சேற்றிலும் வேரிலும் தங்குமே தவிர மறைந்துவிடாது. ஆகவே அவற்றை டேனரியிலேயே பிரித்து மீட்டாக வேண்டும். அதைச் செய்யாமல் ஏரிக்கரையில் செடி மட்டும் நடுவது புண்ணுக்குப் பூச்சூட்டுவதாகும்.

முடிவுரை

நண்பர்களே, கெடிஸ் நம்மிடம் முதலில் கேட்பது பணமன்று, கால்நடை. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு மழைநாளில் புறப்பட்டு, எந்தத் தெருவின் நீர் எந்த ஓடையில் சேர்கிறது, எந்த ஓடை எந்த ஏரியில் விழுகிறது, வழியில் எதைச் சுமந்து வருகிறது என்று நடந்து பார்த்து ஒரு வரைபடம் தீட்டலாம். அதைக் கல்லூரி ஆண்டு விழாவில் ஊரார் பார்வைக்கு வைக்கலாம். போகி அன்று பழைய டயரைக் கொளுத்துவதை விட்டு, ஓர் ஓடையைத் தூர்வாரலாம். அந்த நாளில் முதல் மாலை, குழியில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் விழட்டும். ஊரின் அழுக்கைத் தம் கையால் அறிந்தவர்கள் அவர்கள். பாலாற்றைச் சீர்ப்படுத்தும் எந்தத் திட்டத்திலும் அவர்களுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும்.